பதினெட்டாம் மாடியில் அவள் வீடு

புக்கிட் பாஞ்சாங் என்றால் நீண்ட குன்று.
குன்று பெயரோடு சரி.
மற்றபடி புளோக்குகள், இருபத்தைந்து மாடி,
புளோக்குக்கு இரண்டு மின்தூக்கி.
அவற்றைப் பழுதுபார்க்கும் கூட்டத்தில் நான் ஒருவன்.

ஞாயிறு காலை ஏழு மணி.
மின்தூக்கி நன்றாகத்தான் ஓடுகிறது.
அதைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டுக் கதவைத் தள்ளுகிறோம்:
நான், செங்கமலம், கணக்காய்வு செய்யும் பெர்னார்ட் கோ,
முன்னால் ஜோவலின்.
முதுகுப் பையில் ஆளுக்கு ஐந்து கிலோ தாய்லாந்து அரிசி.
பயிற்சி.

அடுத்த மாதம் பிலிப்பீன்ஸ் போகிறோம்.
ஒரு நாள் நடை, வழிகாட்டி உண்டு,
மலை முழுக்கப் படிப்படியாய் வயல், நடுவே மூன்று ஊர்,
மாலையில் பேருந்து. தள்ளுபடி விலை.
ஜோவலின் அந்தப் பக்கத்துக்காரி.
இந்த புளோக்கில் பதினோராம் மாடியில் வேலை,
நாலு வருஷமாய் ஊர் பார்க்கவில்லை.
விடுப்பு நாளில் எங்களை ஏற்றுகிறாள்.
கூலி என்னவென்று கேட்டதற்கு
அப்புறம் என்றாள்.

"கைப்பிடியைத் தொடாதே. அங்கே கைப்பிடி கிடையாது.
இந்தப் பக்கம் கல்சுவர், அந்தப் பக்கம் தண்ணீர்.
வரப்பு உன் பாதத்தைவிட ஒரு விரல்தான் அகலம்."

மூன்றாம் மாடி. யாரோ கருவாடு பொரிக்கிறார்கள்.
"இது முதல் ஊர். நாய் குரைக்கும். நிற்காதே."
ஆறாம் மாடி. தீயணைப்புக் குழாய்ப் பெட்டி.
"இங்கே ஒரு கடை. தண்ணீர் விலை இரண்டு மடங்கு.
பேரம் பேசாதே,
அதைச் சுமந்து ஏற்றியவன் என் சித்தப்பா மகன்."

ஒன்பதில் நின்றோம், மூச்சுக்காக.
அவள் எதிர் புளோக்கைக் காட்டினாள்:
மாடிக்கு மாடி தாழ்வாரம்,
மூங்கில் கழிகளில் பள்ளிச் சீருடை, போர்வை,
ஒரு பச்சைச் சேலை நாலாம் மாடியைத் தொட்டுக்கொண்டு.
"நட்டு முடிந்ததும் இப்படித்தான் இருக்கும்."
பெர்னார்ட் படம் எடுத்தார்.
பார்த்துவிட்டு அழித்தார்.
புளோக்தான் விழுந்திருந்தது.

பதினோராம் மாடியில் அவள் எதுவும் சொல்லவில்லை.
குதிகாலைத் தூக்கி நடந்தாள்.
எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால்
ஒரு குழந்தை அவள் பெயரைச் சொல்லி அழுதது.
நாங்களும் குதிகாலைத் தூக்கினோம்.

பதின்மூன்று, பதினான்கு. என் முழங்கால் எண்ணிக்கொண்டிருந்தது.

பதினெட்டில் சுவரைத் தட்டினாள்.
"என் வீடு. தகரக் கூரை, வாசலில் பன்றிக் கொட்டில்.
இப்போது கூலி சொல்கிறேன்.
கீழே சந்தையில் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி வாங்குங்கள்.
இங்கே இறக்கி வையுங்கள்.
தம்பி கால் ஒடிந்து கிடக்கிறான், சுமக்க ஆள் இல்லை."

"அத்தனை வயலுக்கு நடுவில்
அரிசியையா சுமக்க?" என்றாள் செங்கமலம்.

"எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு அறுவடை.
டிசம்பர் வந்தால் பானையில் எதிரொலி கேட்கும்.
பார்க்க வருகிற எல்லாரும்
நீ கேட்டதைத்தான் கேட்கிறார்கள்."

கோபமாகச் சொல்லவில்லை.
ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டே சொன்னாள்.

பெர்னார்ட் தன் பையைத் திறந்தார்.
இரண்டு கிலோ அரிசி. ஒரு சின்னத் தலையணை.
"அடுத்த வாரம் ஐந்து," என்றார் தரையைப் பார்த்து.
நான் பட்டையை ஒரு துளை இறுக்கினேன்.
காலையில் அது எடை.
இப்போது யாருடைய இரவுச் சாப்பாடோ
என் முதுகில் சரசரக்கிறது.

யாரும் பொத்தானை அழுத்தாமலே
பதினெட்டாம் மாடி மின்தூக்கி வந்து நின்றது.
கதவு திறந்தது, காத்திருந்தது, மூடிக்கொண்டது.
அதில் ஏதோ கோளாறு.
திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.

"இன்னும் ஏழு மாடி," என்றாள் ஜோவலின்,
"அங்கே ஊர் இல்லை, மேகம்தான்.
ஆனால் வழி அதன் வழியாகத்தான் போகிறது."