எடுத்தேன்

திருடின காரில்
சிவப்பு விளக்குக்கு நிற்கிறான் துவாரகன்.
பின்னால் நாலு பொலிஸ் வண்டி,
முன்னால் வெள்ளைக் கோட்டில் ஒரு கிழவி.
"எடு, ஓடு" என்கிறேன்.
"ஆள் கடக்கட்டும்" என்கிறான்.
இன்று மாலைதான்
ஹெல்மெட்டைக் கையில் கொளுவிக்கொண்டு
ஒருவழிப் பாதைக்குள் எதிரே வந்தவன்,
மறித்த பொலிஸுக்கு
லைசென்ஸுக்குள் மடித்த ஆயிரத்தைக்
கண் வெட்டாமல் நீட்டியவன்.

வெள்ளவத்தை, கடற்கரைப் பக்க ஒழுங்கை,
மூன்றாம் மாடி.
ஞாயிறு இரவுகளில் நாங்கள் மூவர்
இல்லாத ஒரு நகரத்தைக் கொள்ளையடிக்கிறோம்.
ரயில் போனால் டீவி கொஞ்சம் நடுங்கும்.
கொத்து ரொட்டி எண்ணெய்
பொத்தான்களில் வழுக்கும்.

ரினோஸாவுக்கு வெர்னோவைப் பிடிக்கும்.
ஏழு பேரைக் கொன்றவன்.
"பொய் சொன்னதேயில்லை" என்கிறாள்.
"கொல்லுவேன் என்றான், கொன்றான்.
எங்கட மனேஜரை விட நேர்மை."
லீசிங் கம்பனியில் வேலை அவளுக்கு.
தவணை தவறியவர்களிடம்
இனிமையாகப் பேசத்தான் சம்பளம்.

துவாரகனுக்கு ஹாலம்.
கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவன்,
அதற்கு முதல்நாள் விடியவிடிய அழுதவன்.
"அழுதால் சரியா?"
"சரியில்லை. ஆனால் கணக்கில் வரும்."
எந்தக் கணக்கில் என்று
பன்னிரண்டு மணிவரை சண்டை.

தீர்ப்பு என்னிடம் வந்தது.
நான்தானே புதுக்கடைக்குப் போகிறவள்.
கூண்டின் தமிழை நீதவானுக்கும்
நீதவானைக் கூண்டுக்கும்
மாற்றிச் சொல்கிறவள்.
"சொல்லுங்கள் கோர்ட்டார்" என்று
கன்ட்ரோலரை நீட்டினார்கள்,
எங்கள் கோர்ட்டில் நான் கண்டதேயில்லாத
சுத்தியலைப் போல.

திரையில் வெர்னோ. முழங்காலில் ஹாலம்.
சுடு. விடு.
இரண்டு சொல்,
சுற்றிலும் தேய்கிற ஒரு வெள்ளை வளையம்.
பத்து விநாடி முழுசாய்த் தருகிறது.
மழைகூட மெதுவாகத்தான் விழுகிறது,
நான் யோசிக்கட்டுமென்று.

வியாழக்கிழமை அப்படி ஒன்றும் மெதுவாகவில்லை.
கூண்டில் கிராண்ட்பாஸ் பையன்,
பத்தொன்பது வயது,
ஒரு செருப்பில் மட்டும் வார் அறுந்திருந்தது.
கடை மேசையில் கிடந்த போனைப் பற்றி
"எடுத்தேன் ஐயா" என்றான்.
எடுத்தேன்.
சிங்களத்தில் என் நாக்கடியில் இரண்டு இருந்தன.
ஒன்று கையோடு நிற்கும்.
மற்றது களவுவரை போகும்.
மணி பன்னிரண்டு ஐம்பது.
மின்விசிறி மற்றப் பக்கம் திரும்பியிருந்தது.
நீதவான் பேனாவைத் திறந்தபடி.
கெட்டவளாக இருக்க எனக்கு எண்ணமில்லை,
நல்லவளாகவும்தான்.
பசித்தது.
நீளமான சொல் முதலில் வந்தது.
பேனா எழுதிற்று.
பதினாலு நாள் மறியல்.

"நேரம் போகுது" என்றாள் ரினோஸா.
வளையம் தேய்ந்து முடிந்தது.
வெர்னோ என்னைக் கேட்காமலே
துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு
மழைக்குள் நடந்தான்.
"பார்த்தியா, நல்லவன்!"
"இவள் ஒண்டும் அமத்தேல்லை.
அதாலதான் விட்டவன்."
திரும்பவும் தொடங்கினார்கள்.
நான் கொத்துப் பெட்டியைக் கழுவப் போனேன்,
கழுவி வைக்கிற பெட்டியில்லை அது.

மறுநாள் கோர்ட் படியில்
ஒரு பெண் என் கையைப் பிடித்தாள்.
"அன்னைக்கு எங்க புள்ளைக்காகப் பேசினது
நீங்கதானே மிஸ்?"
கடதாசிப் பையில் முறுக்கு, இன்னும் சூடு.
"நான் பேசவில்லை அம்மா,
மாற்றித்தான் சொன்னேன்."
பணிவென்று நினைத்துச் சிரித்தாள்.
பையை என் விரல்களுக்குள் வைத்து மூடினாள்.

நூறாம் நம்பர் பஸ்
கொள்ளுப்பிட்டியைத் தாண்டுமுன் பாதி முடிந்துவிட்டது.
நல்ல முறுக்கு. எள் போட்டது.
பக்கத்து ஸீட்டுக் குழந்தை பையையே பார்த்தது.
எடு என்று நீட்டினேன்.
தாயின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு
அது ஒன்றே ஒன்றை எடுத்தது.