அடியில் ஓடிய வரி

சுங்கை தெமியாங் ஆலையின் எடைமேடையில்
இரவு ஷிப்டு என்னுடையது.
செம்பனைக் குலையோடு ஏறும்போது ஒருமுறை,
கொட்டிவிட்டு இறங்கும்போது ஒருமுறை
நிறுத்துத்தான் அனுப்புவேன்.
டிரைவர் நீட்டும் சீட்டில் எட்டு டன் என்றிருக்கும்.
நான் சீட்டைப் பார்ப்பதில்லை.
குலைகளுக்கு நடுவே மணல் மூட்டை ஒளித்துவந்த கங்காதரனை
வாசலோடு திருப்பியவள் நான்.
தமயந்தி இருந்தால் ஒரு கிலோ தாண்டாது என்பார்கள்.

இரண்டு மணிக்கு மேல் லோரி வராது.
பாய்லர் மட்டும் இருமிக்கொண்டிருக்கும்.
அப்போது வருவான் மிசானுர்,
ராம்ப்பில் உதிரிப்பழம் கூட்டுகிற பையன்,
கையில் கட்டிய தே ஓ இரண்டு பொட்டலம்,
சட்டைப்பையில் பென்டிரைவ்.
நம்ம படம் என்றால் அவனுக்கு உயிர்,
மொழிதான் தெரியாது.
சண்டைக்குச் சிரிப்பான்.
வசனம் வந்தால் திரையை விட்டு
என் முகத்தைப் பார்ப்பான்.

அந்தப் பார்வை தாங்காமல்தான்
வங்காள வரிகளை எங்கிருந்தோ தேடி இறக்கினேன்.
சின்னக் கோப்பு.
படத்தை ஒரு லோரி என்றால்
அதன்மேல் ஓர் ஈ உட்கார்ந்த கனம்.
அதை யார் நிறுப்பார்கள்?

அன்றிரவு முதல்முறையாக
அழவேண்டிய இடத்தில் அழுதான்.

காலை ஆறு பத்துக்குத் திரை சிவந்தது.
பூட்டிவிட்டோம், திறக்க இவ்வளவு என்று
ஆலையில் யாரும் கண்ணால் காணாத ஒரு காசில் விலை.
வாசலில் இருபத்து மூன்று லோரி,
பெட்ரோல் ஸ்டேஷனைத் தாண்டி வரிசை.
வெயில் ஏற ஏறக்
குலைக்குள் அமிலம் ஏறியது.

ஈப்போவிலிருந்து சீ ஹூங் வந்தான்.
அரைக்கால் சட்டை, தூங்காத கண்.
என் எடைச்சீட்டின் முதுகிலேயே
இரண்டு பெட்டி வரைந்து மலாயில் சொன்னான்:
என் நீளம் இவ்வளவு என்று கோப்பு சொல்லும்,
பிளேயர் நம்பி அவ்வளவுக்கு இடம் விடும்,
வந்து கொட்டுவது அதைவிட அதிகம்.
மிச்சம் பக்கத்துப் பெட்டிக்குள் வழியும்.
கட்டளைகள் இருக்கிற பெட்டி அது.
வழிந்ததே கட்டளையாகி உட்கார்ந்துகொள்ளும்.

அளந்து பார்க்காதா, என்றேன்.

"புதுசு அளக்கும் அக்கா. இது பழசு.
புதுப்பிக்கட்டுமா என்று மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறது.
யாரோ 'பிறகு' 'பிறகு' என்றே அழுத்தியிருக்கிறார்கள்."

யாரோ.
லோரி மேடையில் நிற்கையில் குறுக்கே முளைக்கும் சின்னப் பெட்டியைக்
கொசுவைப்போல் அடித்தது
இந்த விரல்.

ஆனால் என்னைக் குடைவது அதுகூட இல்லை.
படம் ஓரிடத்திலும் தடுக்கவில்லை.
நாயகி ரயிலேறும்வரை
உதடும் குரலும் பிசகவில்லை.
வரிகள் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போயின.
அவற்றில் ஒன்று
அவனுக்கு எழுதியதில்லை, எனக்கும் இல்லை.
அவன் கண்ணைத் துடைத்த நேரமோ
நான் தே ஓ உறிஞ்சிய நேரமோ,
எங்களோடு மூன்றாவதாகப் படம் பார்த்த கணினி
அதைப் படித்துக் கீழ்ப்படிந்துவிட்டது.

பத்து மணிக்கு மேனேஜர் ஹஸ்புல்லா பாரம் நீட்டினார்.
காரணம் என்ற கட்டத்தில்
'வெளிநாட்டுத் தொழிலாளியின் பென்டிரைவ்' என்று
பென்சிலால் மெல்லிசாக எழுதியிருந்தது.
நான் தலையசைத்தால் மை ஏறும்.
மார்ச்சில் மிசானுருக்குப் பெர்மிட் புதுப்பிக்கவேண்டும்.
ராம்ப்பில் அவன் கூட்டுவது நின்றிருந்தது,
விளக்குமாறு இருந்தது.

அடுத்தவன் எழுதித் தந்த எடையில்
நான் என்றைக்குக் கையெழுத்துப் போட்டேன்?

அழிரப்பர் இருக்கா, என்று கேட்டேன்.
அவருக்குப் புரியவில்லை. மலாயில் கேட்டேன்.
தேடிக்கொண்டிருக்கிறார்.

வெளியே கங்காதரன் விடாமல் ஹார்ன் அடிக்கிறான்.
ஜன்னல் வழியே சீட்டை ஆட்டிக் காட்டுகிறான்:
"கையாலேயே எழுதி விட்டுடுங்க அக்கா.
எட்டு டன்தான்.
நம்புங்க."