பி-4

பயோபொலிஸ், ஆறாம் மாடி. பின்னிரவு ஒன்றே முக்கால்.
கடைசி ரயில் போயாயிற்று.
சாங்கியில் இரவு ஷிப்டில் இருக்கிற முகிலரசனிடம்
"சவ்வா இழுக்குது" என்றேன் போனில்.
வைத்த பிறகுதான் சிரிப்பு வந்தது:
வேலையே சவ்வைப் பற்றித்தான்.

மூளையின் காவல் அணு
இரண்டு வரிசைக் கொழுப்பைப் போர்த்திக்கொண்டு இருக்கிறது.
சுவர் என்று நினைத்தேன், முதல் வருஷம்.
சுவர் இல்லை. எண்ணெய்.
ஆறாத கோழி சூப்பின் மேல்
நகரும் பொன் வட்டங்கள் மாதிரி
கொலஸ்டிரால் திரண்ட தெப்பங்கள் அதில் அலைகின்றன.
ஏற்பிகள் தொற்றி ஏறுகின்றன
ஒன்றின் தோளை இன்னொன்று உரசும்வரை.

நேற்று நிஸ்வா ஒரு துளி விட்டாள்,
பாக்டீரியாவின் தோல்துகள்.
உயிருள்ளது எதுவும் அதில் இல்லை.
ஆனாலும் தெப்பங்கள் கூடின, பெருத்தன.
கிளை நீட்டித் துழாவிக்கொண்டிருந்த அணு
கைகளை உள்ளிழுத்து
உருண்டையாயிற்று.

அழற்சி.
இந்தச் சொல்லுக்குள் அழல் இருப்பது
பதினோரு வருஷம் எழுதியும் கண்ணில் படவில்லை.
சுமத்ராவில் காடு பற்றினால்
காமன்வெல்த்தில் எங்கள் புளோக் சன்னல் சாத்தும்.
இங்கே நரம்புகளுக்குச்
சாத்தச் சன்னல் கிடையாது.

பி-4 குழியில் மட்டும்
துளிக்கு முன்பே கொலஸ்டிராலை உறிஞ்சிவிட்டேன்.
தெப்பம் இல்லை. ஏற்பிகள் தனித்தனியே,
கூட்டம் ரத்தான மன்றத்தில்
நாற்காலிகள் கிடப்பதுபோல.
தீ இல்லை.
எழுந்து நின்றேவிட்டேன்.

நிஸ்வா திரையைப் பெரிதாக்கினாள்.
"அக்கா, இது குப்பையும் அள்ளலயே."

செத்த நரம்பின் துணுக்குகள்
நாங்கள் போட்ட இடத்தில் அப்படியே.
பகை வந்ததைக் கேட்காத அணு
பிணம் விழுந்ததையும் கேட்கவில்லை.

குறிப்பேட்டில் 'அமைதி' என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டுக்
'கேளாமை?' என்று எழுதினேன்.
அவள் தன் பேனாவால்
இன்னொரு கேள்விக்குறி சேர்த்தாள்.

பாதி உறிஞ்சினால்? கால்வாசி?
எவ்வளவு கொழுப்பு மிஞ்சினால்
கேட்கும், ஆனால் எரியாது?

நடைக்கூடத்தில் துப்புரவு ஊழியர்
கண்ணாடிக் கதவைத் தேய்க்கிறார்.
சோப்புப் படலம்
பச்சையாய், ஊதாவாய் ஒரு நொடி நின்று
தானாக வழிகிறது.

நிஸ்வா தூங்கப் போகவில்லை.
புதுத் தட்டு எடுத்து
ஏ-1 என்று எழுதுகிறாள்.
நான் பைப்பெட் முனையை மாற்றுகிறேன்.