கோளாறு எதுவும் இல்லை

ட்ராம் பணிமனைக்குள் திரும்பும்போதே
எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.
ரீகாவில் இருபத்திரண்டு குளிர்காலம்
இந்தக் காதை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன்.
பேரிங் உடைவதற்கு மூன்று வாரம் முன்பே
அது லேசாக இரையத் தொடங்கும்,
பொங்குவதற்கு முன் பால் இரைவதுபோல.

விஸ்வால்டிஸ் இரையவில்லை.
அதனால் எனக்குக் கேட்கவில்லை.

டேபிள் டென்னிஸில் ஒற்றைப் புள்ளிக்காக
பந்து பட்ட இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு
ஷிஃப்ட் மணி அடித்த பின்னும் வாதாடுகிறவன்
அக்டோபரில் ஒருநாள்
"நீயே எடுத்துக்கோ" என்றான்.
நான் வீட்டுக்குப் போய்
ஜெயித்த கதையைச் சொன்னேன்.

கம்பெனி டாக்டர் கையில் பட்டை சுற்றி
ரத்த அழுத்தம் பார்த்து உதடு பிதுக்கினாராம்.
"உங்க மெஷின் பழசு டாக்டர்."
இதை அவன் சொன்னபோது
ஓய்வறையே சிரித்தது.
ஜன்னல் விளிம்பில்
கறுப்பு ரொட்டியும் புகைமீனும்
ஒரே ஒரு கடியோடு இருந்தன.
மறுநாளும் இருந்தன.
யாருடையது என்று திட்டிக்கொண்டே நான்தான் கொட்டினேன்.

உறைந்த ஏரிக்கு வழக்கம்போல வந்தான்.
துளை போட்டான், முக்காலியை விரித்தான்,
தூண்டிலை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை.
துளையின் மேல் தோல்போலப் பனி படரும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தான்.
என்ன பொறுமை இந்த மனிதனுக்கு,
என்று நினைத்தேன்.
சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஜனவரி, மைனஸ் பதினொன்று.
ஏறவும் இறங்கவும் ஆளில்லாத நிறுத்தத்தில்
கதவுகளைத் திறந்தான்.
மூடவில்லை.
நான்கு நிமிடம் பத்து நொடி என்கிறது பதிவுக்கருவி.
பனி உள்ளே வந்து
ரப்பர் விரிப்பில் உட்கார்ந்தது.
ஒன்பது பயணிகள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எங்கள் ஊரில் அதற்கு மரியாதை என்று பெயர்.
கடைசியில் ஹாக்கி மட்டை வைத்திருந்த பையன் ஒருவன்
"குளிருது" என்றான்,
யாரிடமும் இல்லாமல்.

கதவுக் கோளாறு என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான்.
வண்டி என் குழிக்கு வந்தது.
மோட்டாரைக் கழற்றினேன், சென்சாரைத் துடைத்தேன்,
நூற்றிருபது தடவை திறந்து மூடினேன்.
நூற்றிருபது தடவையும்
அந்தக் கதவு சொன்னதைக் கேட்டது.

ராத்திரி பதினொன்றரை.
வண்டி நிறுத்துமிடத்தில் அவனுடைய ஓப்பல்,
விளக்கில்லாமல், எஞ்சின் ஓடாமல்.
ஷிஃப்ட் முடிந்து ஒரு மணி நேரமாகிறது.
வீட்டுக்கு ஏழு நிமிடம்.
கண்ணாடியின் உட்புறம் மூச்சு படிந்து வெளுத்திருந்தது;
ஒரு நாள் பழக்கம் இல்லை இது என்று
அப்போதுதான் உறைத்தது எனக்கு.

தட்டினேன். பூட்டை விடுவித்தான்.
பக்கத்து இருக்கை கல்லாகச் சில்லிட்டிருந்தது.

"கதவு நல்லாத்தான் இருக்கு."

"தெரியும்."

சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிக்கொண்டே இருந்தான்.
பிறகு, ஸ்டியரிங்கைப் பார்த்து:

"அடுத்த நிறுத்தத்தோட பேர் வரலை, ஓயார்ஸ்.
பதினாலு வருஷமா மைக்குல சொல்ற பேரு.
வரட்டும்னு காத்திருந்தேன்.
அவ்வளவுதான்."

சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.
இயந்திரமாக இருந்தால்
ஏதாவதொரு திருகையாவது தொட்டிருப்பேன்.
பேர் எனக்கும் தெரியும்; சொல்லவில்லை.
இருவர் மூச்சிலும்
கண்ணாடி முழுதாக வெளுத்தது.
"கிளம்பு," என்றேன் வெகுநேரம் கழித்து,
"இல்லைன்னா நான் ஓட்டுறேன்."
சாவியை என் பக்கம் நீட்டினான்.
புள்ளியைக் கொடுத்த அதே கை.

பதிவேட்டில் "கண்டறிந்த கோளாறு" என்ற கட்டம்
இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.
சூப்பர்வைசர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகிறோம்,
இருவரும்தான்.
தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக
ஸார்மீட்டே சொல்லத் தொடங்கி
வசந்தம் வந்தால் ஒரு வருஷம்.
தலையணை சரியில்லை என்று
இரண்டு தலையணை மாற்றியாயிற்று.