முள் சாய வேண்டும்

அல் ஐன் சனாயாவில் இரவு பத்து மணி.
முஸபஹின் லேண்ட் க்ரூசர், எழுபத்தாறாம் வருஷத்து வண்டி,
கண் இரண்டையும் கழற்றி
என் மேஜையில் வைத்துவிட்டு நின்றது.

ஏழு அங்குலக் குழிக்குள்
எல்இடி வட்டம் பிசகாமல் உட்கார்ந்தது.
முதலில் சிமிட்டியது. எர்த் சரியில்லை;
பெயின்டைச் சுரண்டி, துருவைத் தாண்டி,
வெறும் இரும்பில் ஒயரை முறுக்கினேன்.

அப்புறம் அடித்தது பாருங்கள் ஒரு வெள்ளை!
எதிர்க்கடை ஷட்டரில்
எவனோ எப்போதோ கிறுக்கிய போன் நம்பர்
கடைசி இலக்கம் வரை தெரிந்தது.
குல் ஜமான் சாக்பீஸால் கோடு கிழித்தான்.
எதிரே வருகிறவன் கண் கூசாமலிருக்க
அதற்கு மேல் ஏறக்கூடாது வெளிச்சம்.
திருகைக் கால் சுற்று. இன்னும் கொஞ்சம். போதும்.

முஸபஹ் வெளியே பார்க்கவேயில்லை.
டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.
"முள் செத்துப்போச்சு."

சாகவில்லை.
பழைய பல்புக்கு ஆம்பியர் முள்
படக்கென்று இடப்பக்கம் சாயும்,
ஊருக்குப் பணம் அனுப்பிய மறுநாள் என் பர்ஸ் மாதிரி.
இது குடிப்பது கொஞ்சம்; முள்ளுக்கு உறைக்கவில்லை.

சொன்னேன். நம்பவில்லை.
"ஒன்றும் எடுக்காமல் எப்படித் தரும்?"

பன்னிரண்டு மணிக்கு
கிரில்லுக்குப் பின்னால் ஒரு ரெசிஸ்டர் பொருத்தினேன்.
அதனால் ஒரு பொட்டு ஒளி கூடாது.
சும்மா கரண்டைத் தின்று சுடும்.

ஸ்விட்சை இழுத்தார்.
முள் சாய்ந்தது.
"அப்படிச் சொல்லு" என்று
ஹஃபீத் மலைப்பக்கம் வண்டியைத் திருப்பினார்.

சூடு பார்த்த விரலை வாயில் வைத்தபடி
பில்லில் அதை என்னவென்று எழுதுவது
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.