காரணம்: சும்மா

மோர்பிதோ என்றார் அவர்,
ஆட்டுத்தோலின் உட்புறத்தைக்
கன்னத்தில் ஒற்றிப் பார்த்து.
பெரியமேட்டுக் கிடங்கில் அப்போது கரண்ட் இல்லை.
விலைப்பட்டியலோடு நின்ற எனக்கு
அந்தச் சொல்லில் மோர் மட்டும் கேட்டது.
மென்மை என்று பொருளாம்.
பெரம்பூர் வரைக்கும் 29சி-யில்
அதை வாயில் வைத்துக் கரைத்துக்கொண்டே போனேன்.

கிளம்புமுன் தெருமுனையில்
நின்றபடியே ஒரு காப்பி குடித்தார்.
மூன்று மடக்கு.
தம்ளரை வைத்துவிட்டு
உலகத்தோடு கணக்குத் தீர்ந்தாற்போல் தலையசைத்தார்.
அவர் ஊரிலும் இப்படித்தானாம், நின்றுதானாம்,
சர்க்கரை மட்டும் தாங்களே போட்டுக்கொள்வார்களாம்.
அவ்வளவுதான் நடந்தது.
அவர் பெயரே
இன்வாய்ஸைப் பார்த்தால்தான் நினைவு வரும்.

கீழ்ப்பாக்கத்தில்
ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி.
செவ்வாய், வியாழன், மாலை ஆறரை.
கீழே பல்லைக் குடைகிற சத்தம்,
மேலே வினைச்சொற்கள்.
ரோமுக்குப் படிக்கப் போகும் பிரதர் ஒருவர்,
டூரினில் வேலை கிடைத்த பையன்,
ஜெனோவாத் துறைமுகத்தில் கணவனை வைத்திருக்கும் ஃபிலோமினா,
அப்புறம் நான்.
நீங்க எதுக்குக்கா, என்றான் பையன்.
சும்மா.

முதல் நாள் டீச்சர் உள்ளே வந்து
சாவ் என்றதும்
ஃபிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள்.
வரும்போதும் அதுதான், போகும்போதும் அதுதான்,
நல்ல வார்த்தைதான் என்று தெரிந்த பிறகும்
விளக்கு வைக்கிற நேரத்தில்
எங்கள் யாருக்கும் வாய் எழவில்லை.
மற்றதெல்லாம் சுலபம்.
அவர்கள் அநேகமாக எதையும்
மெய்யில் முடிக்க மாட்டார்கள்.
நாம் மட்டும் என்ன,
பஸ்ஸு, காரு, பேங்க்கு, லோனு.

விண்ணப்பத்தில்
குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம்.
எங்களுக்கு ஏது?
அப்பா பெயரை எழுதினேன்.
பயணத்தின் நோக்கம் என்று இன்னொன்று.
வியாபாரம், படிப்பு, மருத்துவம், உறவினர், சுற்றுலா.
சுற்றுலாவில் டிக் அடித்தேன்,
பொய் சொன்ன மாதிரி இருந்தது.
ஒரு சதுக்கத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து
புரிந்தும் புரியாமலும்
யாரோ யாரையோ திட்டுவதைக் கேட்க வேண்டும்,
கடைசி எழுத்து வரைக்கும்.
அதற்குக் கட்டம் இல்லை.

பதினேழாம் நாள் கடிதம் வந்தது.
அன்புள்ள ஏகாம்பரம்,
நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதில்
எங்களுக்கு நியாயமான ஐயம் உள்ளது.

அரக்கோணத்தைத் தாண்டாதவர் என் அப்பா.
ஆறு வருஷத்துக்கு முன்னால்
ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி
போயிட்டு வரேம்மா என்று
ஸ்டான்லிக்குப் போனவர்.
ஆபீசர்களே,
அவர் விஷயத்தில் உங்கள் ஐயம் சரி.

ஆனால் என்னைக் கேட்டிருக்கலாம்.
இந்த ஊரில்
எதிர்க்கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறவர்கூட
போறேன் என்று சொல்வதில்லை.
சொன்னால் அடி விழும்.
திரும்புவதைச் சேர்த்துச் சொல்லாமல்
எங்களால் வாசலையே தாண்ட முடியாது.
ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டீர்கள்,
வேலைச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது.
இதைக் கேட்கவில்லை.

பையன் டூரினுக்குப் போய்விட்டான்.
டிராம் ஒன்றின் படம் அனுப்பியிருந்தான்,
ஓரத்தில் அவன் கட்டைவிரல்.
நேற்று வகுப்பு முடிந்து படியிறங்கும்போது
எனக்கே தெரியாமல்
சாவ் டீச்சர், போயிட்டு வரேன் என்றேன்,
ஒரே மூச்சில்.
அவர் திருத்தவில்லை.

கீழே கிளினிக்கை மூடிக்கொண்டிருந்தார்கள்.
முனையில் நின்று ஒரு காப்பி வாங்கி
டப்பாவைத் திறந்து
நானே சர்க்கரை போட்டுக் கலக்கினேன்.
மாஸ்டர் பதறினார்:
யக்கா, அதுல ஏற்கெனவே போட்டாச்சு.