சித்ராவில் ஓவர்டைம்

பகலெல்லாம் நான் மருந்தடிப்பவன்.
முதுகில் பதினாறு லிட்டர், முகத்தில் ரப்பர் மூஞ்சி,
ரிஃபாவின் வில்லாக்களில்
கட்டிலுக்கு அடியில், குளியலறைச் சல்லடையில்,
கரப்பான், மூட்டை, தெள்ளு
எதுவானாலும் ஒரே நாசில்.

"என் நாய்க்கு ஒன்றும் ஆகாதே?" என்பாள் மேடம்.
நாய் காருக்குள் ஏசியில் உட்கார்ந்து
என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.
நாலு மணி நேரம் உள்ளே விடாதீங்க,
அட்டையில் இருப்பதைச் சொல்வேன்.
எனக்கு எத்தனை மணி நேரம் என்று
அட்டையில் இல்லை.

இரவில் நான் சித்ராவில் இருப்பவன்.
சித்ரா ஊர்ப்பெயர்.
அதை சுகிர்தாவுக்குப் புரியவைக்க
இரண்டு ரீசார்ஜ் போனது.

கேம்ப் பின்சுவரோரம், தண்ணீர் டேங்க் நிழலில்
எல்லாரும் போன பிறகும் போகாமல் கிடந்ததால்
ஓவர்டைம் என்று பெயர் வைத்தோம்.
காதை மடித்துப் பார்த்தேன்.
ஆமணக்கு விதை கொட்டிவைத்த மாதிரி உண்ணி.
விரலிடுக்கில், கழுத்தில், வால் வேரில்.
முதல் நாள் நாற்பத்தொன்று.
டார்ச் பிடித்ததும் எண்ணியதும் டேக் பகதூர்.

சூப்பர்வைசர் இஷ்தியாக் சிரித்தார்.
"உன் தோளிலேயே தொங்குது, அரை கப் போதும்,
ஒரு நிமிஷ வேலை."
ஓவர்டைம் அப்போது
தன் முதுகை நக்கிக்கொண்டிருந்தான்.
முதுகில் ஊற்றுவது வயிற்றுக்கும் போகும்.
ட்ரெய்னிங்கில் இதைச் சொல்லவில்லை;
மூன்றாம் வருஷம் என் மணிக்கட்டு
தோலுரிந்து சொன்னது.

பேபிச்சன் மெஸ்ஸிலிருந்து பூண்டு கொண்டுவந்தான்.
நாய் ரத்தத்துக்கு ஆகாது என்றேன்.
மீன்கறிக்குத் திரும்பிப் போனது பூண்டு.
ஒருவன் மண்ணெண்ணெய் என்றான்,
அவனையும் திருப்பி அனுப்பினோம்.

மிஞ்சியது ஒரு இடுக்கி.
தோலை ஒட்டிப் பிடி.
நசுக்காதே, திருகாதே,
தயங்காமல் நேராக இழு.
தலை உள்ளே நின்றால் புண்.
இழுத்ததை, சோப்புத் தண்ணீர் ஊற்றிய
பழைய மோர் பாட்டிலில் போடு.
தெள்ளுக்குப் பேன்சீப்பு.
ஈரத்துணியில் தட்டினால்
கரும்பொடி மெல்லச் சிவந்து கரையும்.
மண் என்று நினைத்தோம், அது அவன் ரத்தம்.

ரவுண்டானா வேப்பமரம் முனிசிபாலிட்டியுடையது.
இரவு பதினொரு மணிக்கு மேல் எங்களுடையது.
இலையை அவித்து, ஆறவைத்து, வடிகட்டி
அவனைக் குளிப்பாட்டியதில்
நனைந்தது நாங்கள் மூவர்.
வேம்பு கொல்லாது,
வாசலில் நின்று கொஞ்சம் மிரட்டும், அவ்வளவுதான்.

கொல்வது வெயில்.
அவன் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் முக்கி
ஜூலை மாதத் தகரக்கூரையில் விரித்தால்
சாயங்காலம் அப்பளம்.
கேம்பே திட்டுகிற வெயில்
எங்களுக்குச் சம்பளம் கேட்காமல் வேலை செய்தது.
சுவர் விரிசலில் குட்டி உண்ணிகள் ஏறின;
சுரண்டி, வெந்நீர் ஊற்றி, சிமென்ட் வைத்து அடைத்தோம்.
சிமென்ட் எந்த சைட்டிலிருந்து வந்தது என்று
கேட்காதீர்கள்.

பதினேழு.
ஒன்பது.
மூன்று.
ஒரு வெள்ளிக்கிழமை ஒன்றுமே இல்லை,
பேபிச்சன் பாயசம் வைத்தான்.
சனிக்கிழமை ஆறு.

ஒரு நிமிஷ வேலைதான் சார்,
எட்டு வாரமாகச் செய்கிறோம்.

இப்போதும் வேனிலிருந்து இறங்கியதும்
வாலாட்டிக்கொண்டு ஓடி வருவான்.
என் கையை மோந்து பார்ப்பான்.
நின்றுவிடுவான்.
இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான்.

குழாயடிக்குப் போகிறேன்.
ஒருமுறை சோப்பு, மறுமுறை சோப்பு,
நகக்கண்ணுக்குள் பழைய டூத்பிரஷ்.
திரும்பி வந்து கையை நீட்டுகிறேன்.
மோந்து பார்க்கிறான்.

இன்னும் ஒருமுறை, என்கிறான் டேக் பகதூர்,
டார்ச்சை அணைக்காமல்.